ஊசி போட்ட மாட்டின் பாலை எத்தனை நாள் ஊற்றக்கூடாது? இதை யார் சொல்ல வேண்டும்?

கருமாத்தூர் செல்வி
செவ்வாய், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் எங்கள் வீட்டில் நடந்ததை முழுசாக எழுதிவிட்டுத்தான் கேள்விக்கு வர முடியும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் இரண்டு கறவை. பெரியது ஜெர்சிக் கலப்பு, மூன்றாவது ஈத்து, ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் கறக்கும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பின்பக்கத்து இடது காம்பில் பால் திரிதிரியாக வந்தது. மடி அந்தப் பக்கம் மட்டும் கல் மாதிரி இறுகிப்போய், கையை வைத்தால் சுட்டது. மாட்டாஸ்பத்திரி பூட்டியிருந்த நேரம். பக்கத்து ஊர்க் கம்பவுண்டரைக் கூப்பிட்டோம். கழுத்தில் இரண்டு ஊசி, காம்புக்குள் ஒரு குழாய் மருந்து. மூன்று நாள் வந்து போட்டார். நான்காம் நாள் வீக்கம் வற்றிவிட்டது. காசு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த நாட்களில் நோவு கண்ட காம்புப் பாலை மட்டும் தரையில் பீச்சிவிட்டோம். மற்ற மூன்று காம்புப் பாலை எப்போதும்போலச் சொசைட்டிக்கு ஊற்றினோம். வீட்டுக்கும் அதுதான். பக்கத்து வீட்டு மதினிக்கு அரை லிட்டர். அவர் பேத்திக்கு இரண்டு வயது.

அம்மா இரவு உறை ஊற்றிய பால் காலையில் உறையவில்லை. மோர் பழசாகிவிட்டது என்று மதினி வீட்டில் உறைமோர் வாங்கி ஊற்றினார். மறுநாளும் சட்டியைச் சாய்த்தால் பால் பாலாகவே ஓடியது. அதே மோரை மற்ற மாட்டின் பாலில் ஊற்றிப் பார்த்தார். அது கெட்டியாக உறைந்திருந்தது. இரண்டு சட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்: "மாட்டுக்குப் போட்ட ஊசி பாலுக்குள்ள இருக்குடி. மோரைக் கொன்னுருச்சு."

கொட்டத்துக்குப் பின்னால் குப்பையில் கிடந்த மருந்துப்பெட்டியை எடுத்துவந்தேன். எல்லாம் ஆங்கிலம், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. தம்பி மகன் போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் படித்துச் சொன்னான். மருந்து போடும் நாட்களிலும், கடைசி மருந்துக்குப் பிறகு நான்கு நாளும் அந்தப் பால் மனிதர்கள் குடிக்கக் கூடாதாம்.

பெட்டியில் எழுதியிருக்கிறது. கம்பெனிக்குத் தெரியும். கடைக்காரருக்கும் கம்பவுண்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பாலைக் குழந்தைக்குக் கொடுத்த எனக்கு மட்டும் யாருமே சொல்லவில்லை. சொல்ல வேண்டியது யார் பொறுப்பு?


மாட்டு டாக்டர், உசிலம்பட்டிப் பக்கம்
செவ்வாய், இரவு 10.55

அம்மா, உங்கள் தாயார் பிடித்துவிட்டார். தயிர் உறைவதே மோரில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களால்தான். பாலில் ஆன்டிபயாடிக் இருந்தால் அவை பெருகாது, பால் புளிக்காது. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். உறைந்துவிட்டதாலேயே அந்தப் பாலில் மருந்து இல்லை என்று சொல்லிவிட முடியாது. மோரைத் தடுக்காத அளவில், அல்லது மோரைத் தொடாத வேறு மருந்தாக இருக்கலாம். நாள் கணக்குத்தான் கணக்கு.

இரண்டாவது, ஒரு காம்புப் பாலை மட்டும் கொட்டியது போதாது. கழுத்தில் போட்ட ஊசி ரத்தத்தில் கலந்து நான்கு காம்புக்கும் வரும். நன்றாகக் காய்ச்சிவிட்டால் போய்விடும் என்றும் பலர் நினைக்கிறார்கள். நம் வீட்டு அடுப்பில் பொங்கவிட்டு இறக்குவதால் இந்த மருந்துகள் ஒழியாது.

சட்டத்தைச் சொல்கிறேன். மருந்து மற்றும் அழகுசாதன விதிகளில் 2012 ஜனவரியில் ஒரு திருத்தம் வந்தது. உணவுக்குப் பயன்படும் கால்நடைக்கான மருந்து என்றால், கடைசியாக மருந்து கொடுத்த பிறகு எத்தனை நாள் பால், முட்டை, கறியை உணவுக்கு எடுக்கக் கூடாது என்பதைப் பெட்டியில் எழுத வேண்டும். அந்தக் காலம் இன்னதென்று நிறுவப்படாத மருந்தாக இருந்தால் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், கறிக்கு 28 நாள். அதனால் கம்பெனி சட்டப்படி எழுதிவிட்டது. யார் படித்துச் சொல்வது என்ற இடத்தில்தான் அறுந்து கிடக்கிறது.

யார் பொறுப்பு என்று கேட்டீர்கள். மருந்தை எழுதுகிறவன் சொல்ல வேண்டும். அதாவது நான். உண்மையைச் சொன்னால், நானும் பல வருடம் வாயைத் திறக்கவில்லை. ஒரு டாக்டர், சுற்றிலும் அத்தனை கிராமம், காலையில் சினை ஊசிக்கு வரிசை, நடுவில் கோமாரித் தடுப்பூசி முகாம். "மூணு நாள் ஊசி, சரியாயிரும்" என்பதோடு அடுத்த மாட்டுக்குப் போய்விடுவேன். அவசரத்தில் விட்டுப்போன அந்த ஒரு வாக்கியமும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான் என்று உங்கள் பதிவைப் படித்த பிறகு உறைக்கிறது.


செக்கானூரணி லதா
செவ்வாய், இரவு 11.20

செல்வி அக்கா, அந்தக் குழந்தை நன்றாக இருக்கிறதா?


கருமாத்தூர் செல்வி
புதன், காலை 6.15

குழந்தை நன்றாக இருக்கிறாள், லதா. வாய்க்கு வாய் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். மதினியிடம் எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.


மேலூர் பெரியகருப்பன்
புதன், காலை 7.05

டாக்டர் சொன்னதெல்லாம் சரி. நான் நாற்பது வருடமாக மாடு வைத்திருப்பவன், என் பக்கத்தையும் கேளுங்கள்.

2023 டிசம்பரில் பசும்பால் கொள்முதல் விலை 38 ரூபாய் ஆனது. அந்த விலைக்கே கணக்குப் போடுவோம். பத்து லிட்டர் மாடு. ஊசி மூன்று நாள், அதற்கப்புறம் நான்கு நாள், ஆக ஏழு நாள். 70 லிட்டர், 2,660 ரூபாய். அதற்கு மேல் மருந்துச் செலவு, ஊசி போட வந்தவருக்குக் கூலி. அந்த ஏழு நாளும் மாடு தின்னாமல் இருக்குமா? புண்ணாக்கும் தவிடும் போட்டுத்தான் ஆக வேண்டும். மாட்டை வைத்து மகள் கல்லூரிக்குப் பணம் கட்டுகிற வீட்டில் போய் "பாலை மண்ணில் ஊற்று" என்றால் அந்தப் பெண்பிள்ளை என்ன செய்வாள்?

மருந்தால் கம்பெனிக்கு லாபம். கடைக்கும் லாபம். மருந்து போட்டதால் வருகிற நட்டம் மட்டும் மாட்டுக்காரன் தலையில். தர்மம் பேசுகிறவர்கள் இந்த 2,660 ரூபாயை யார் கொடுப்பது என்றும் பேச வேண்டும். எனக்குச் சொல்லியிருந்தால் நான் ஊற்றாமல் இருந்திருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். முதல் இரண்டு நாள் ஊற்றாமல் இருந்திருப்பேன். மூன்றாம் நாள் சத்தியமாகத் தெரியவில்லை.


சொசைட்டி செயலாளர், திருமங்கலம் வட்டம்
புதன், காலை 8.30

பெரியவர் மனதில் இருப்பதைச் சொன்னார். நான் தினமும் இரண்டு வேளை கேன் முன்னால் நிற்பவன். எங்கள் சங்கத்தில் கொழுப்பு பார்க்கிறோம், மற்ற சத்து பார்க்கிறோம், தண்ணீர் கலந்திருந்தால் தெரிந்துவிடும். மருந்து இருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் வசதி இல்லை. ஊற்றுகிறவர் சொன்னால்தான் உண்டு. யாரும் சொல்வதில்லை.

உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரி எடுத்துச் சோதித்தது. ஆன்டிபயாடிக் அளவுக்கு மீறி இருந்தது 77 மாதிரியில். நூற்றுக்கு ஒன்றே கால் கூட இல்லை. அதனால் பயப்படும் அளவுக்கு நிலைமை இல்லை என்பது என் எண்ணம்.


மாட்டு டாக்டர், உசிலம்பட்டிப் பக்கம்
புதன், பகல் 1.40

சார், அந்தக் கணக்கு சரி. ஆனால் அதை எங்கே வைத்துப் பார்க்கிறோம் என்பதும் இருக்கிறது. உங்கள் சங்கத்தில் எத்தனையோ வீட்டுப் பால் ஒன்றாகக் கலக்கிறது. மருந்து உள்ள ஒரு மாட்டுப் பால் அதில் கரைந்து மெலிந்துவிடும். செல்வி அம்மாவின் மதினி வீட்டுக்குப் போன அரை லிட்டர் அப்படி இல்லை. ஒரே மாட்டின் பால், ஊசி போட்ட அன்றே கறந்தது, எதிலும் கலக்காமல் நேராகக் குழந்தையின் டம்ளருக்குப் போனது. கண்ணுக்கு முன்னால் கறந்த சுத்தமான பால் என்று நம்பி வாங்குகிறவர்களுக்குத்தான் இதில் அதிக ஆபத்து. பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சிறு அளவே தடிப்பு, அரிப்பு கொண்டுவந்துவிடும்.

இன்னொன்று. மாட்டுக்கு நாங்கள் தாராளமாகப் போடும் என்ரோஃப்ளாக்சசின், மாட்டின் உடலுக்குள் போய் ஒரு பகுதி சிப்ரோஃப்ளாக்சசினாக மாறும். அந்தப் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆஸ்பத்திரியில் மனிதர்களுக்கு எழுதுவது. கொஞ்சம் கொஞ்சமாக இது உணவில் வந்துகொண்டிருந்தால் கிருமிகள் பழகிப்போகும். நாளைக்கு அந்தப் பிள்ளைக்கே அந்த மருந்து தேவைப்படும்போது வேலை செய்யாமல் போகலாம்.

பெரியவரே, 2,660 ரூபாய்க்கு என்னிடம் பதில் இல்லை. ஒன்று சொல்கிறேன். மடிநோய் பாதி வராமலே தடுக்கலாம். கறந்த கையோடு மாடு படுத்துவிடாமல் அரை மணி நேரம் தீவனம் போட்டு நிற்கவைத்தால் காம்புத் துளை மூடிக்கொள்ளும். கறப்பதற்கு முன்பு மடியைக் கழுவித் துடைப்பது, நோவு கண்ட மாட்டைக் கடைசியில் கறப்பது. வந்த புதிதில் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்து மடியில் பூசுகிற முறையைப் பல்கலைக்கழகத்துக்காரர்களே சொல்லித்தருகிறார்கள். சீக்கிரம் ஆரம்பித்தால் ஊசி இல்லாமலே தேறும் மாடுகள் இருக்கின்றன. திரி வந்த முதல் வேளையிலேயே காட்டினால் மூன்று நாள் ஊசி குறையும், கொட்டுகிற பாலும் குறையும்.


வாடிப்பட்டி மருந்துக்கடை
புதன், இரவு 10.10

கடையை அடைத்துவிட்டு எழுதுகிறேன். இந்தப் பேச்சில் என் பெயர் வந்தே தீரும், நானே வந்துவிடுகிறேன்.

ஆன்டிபயாடிக் எல்லாம் டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து. அட்டையிலேயே சிவப்பில் இருக்கிறது. என் கடைக்கு வருகிறவர்கள் எப்படி வருவார்கள் தெரியுமா? காலி பாட்டிலைக் காட்டி "இதே மாதிரி ஒண்ணு குடுங்கண்ணே" என்பார்கள். அல்லது போனில் கம்பவுண்டர் பேசுவார். அல்லது "மாடு நடுங்குது, ஏதாவது குடு" என்று ஒரு வயசான அம்மா நிற்பார். நான் கொடுக்கவில்லை என்றால் அடுத்த கடையில் கொடுப்பார்கள். இந்தக் காரணத்தைப் பதினெட்டு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கொடுத்துவிட்டேன், அதுதான் உண்மை.

ஆனால் ஒன்றில் நான் உறுதியாக இருந்தேன். டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து. 2006இல் மாட்டுக்கு அதைத் தடை செய்தார்கள். அதன் பிறகும் மனிதர்களுக்கு என்று 30 மில்லி பெரிய குப்பியாக வந்துகொண்டிருந்தது. மனிதனுக்கு ஒரு வேளை 3 மில்லி போதும். அத்தனை பெரிய குப்பி யாருக்கென்று விற்கிற எல்லோருக்கும் தெரியும். நான் அதை வாங்கி வைக்கவில்லை. 2015இல் மனித மருந்தும் 3 மில்லிக்கு மேல் ஒரே குப்பியில் வரக் கூடாது என்று அரசு சொன்னது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போனார்கள், 2017இல் சென்னை உயர்நீதிமன்றம் அரசு சொன்னதே சரி என்றது.


சாப்டூர் மலையடிவாரம்
வியாழன், காலை 5.50

வாடிப்பட்டி அண்ணே, அந்த ஒரு குப்பியை வாங்காமல் இருந்ததற்கு உங்களுக்கு என் வணக்கம்.

பாறுக் கழுகைப் பற்றி இங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்காது, அதனால் எழுதுகிறேன். செத்த மாட்டைத் தின்று முடிக்கிற பறவை. வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்ட மாடு இரண்டொரு நாளில் செத்து, அதைப் பாறு தின்றால் அதன் சிறுநீரகம் செயலிழந்துவிடும். உள்ளுறுப்புகள் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசியது போல உப்பு படியும். சில நாளில் கழுத்து தொங்கிச் செத்துவிடும். 2004இல்தான் இந்தக் காரணத்தைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். அதற்குள் நம் நாட்டில் வெண்முதுகுப் பாறு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது போய்விட்டது. எல்லாச் சடலத்திலும் மருந்து இருக்க வேண்டியதில்லை, நூறில் ஒன்றில் இருந்தாலே ஒரு கூட்டத்தை அழிக்கப் போதும்.

என் தாத்தா கிடைமாடு மேய்த்தவர். மலையடியில் ஒரு மாடு விழுந்தால் வானத்தில் வட்டம் தெரியும் என்பார். ஒரே பகலில் எலும்புதான் மிச்சமாம். நான் பிறந்து இன்றுவரை இங்கே அந்த வட்டத்தைப் பார்த்ததில்லை. பாறுகளைப் பார்க்க நான் நீலகிரியில் மாயாற்றுப் பக்கம் போக வேண்டியிருந்தது. இப்போது எங்கள் ஊரில் செத்த மாட்டைச் சுற்றி நாய்கள்தான்.

அதற்கப்புறம் 2023 ஜூலையில் கீட்டோபுரோஃபன், அசிக்ளோஃபெனாக் என்ற வேறு இரண்டு வலி மருந்துகளும் மாட்டுக்குத் தடையாகின. அசிக்ளோஃபெனாக் மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும். அதாவது ஒன்றைத் தடுத்தபோது வாசல் வழியே போனது வேறு பெயரில் கொல்லைப்புறம் வழியே வந்தது. தடை வந்து பதினேழு வருடம் கழித்துத்தான் அந்தக் கொல்லைக் கதவை மூடினார்கள். மெலோக்ஸிகாம் பாறுக்குத் தீங்கு செய்யாது என்பது 2006லேயே தெரியும். மாட்டின் வலிக்கு அதுவே போதும். டாக்டர்களும் கடைக்காரர்களும் அதை மட்டும் கையில் எடுத்திருந்தால் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதே இல்லை.


முன்னாள் ரெப்
வியாழன், இரவு 9.15

நான் கால்நடை மருந்துக் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருடம் ரெப்பாக, அதாவது விற்பனைப் பிரதிநிதியாக இருந்தேன். மதுரை, தேனி, திண்டுக்கல் என் ஏரியா. கம்பெனி பெயர் வேண்டாம்.

யாரும் எங்களிடம் "பொய் சொல்" என்று சொல்லவில்லை. மாத டார்கெட் கொடுத்தார்கள். பத்துப் பெட்டி எடுத்தால் மூன்று இலவசம் என்றால் கடைக்காரர் பத்து எடுப்பார். எடுத்ததை விற்றாக வேண்டும். அந்த அழுத்தம் கடைசியில் எந்த மாட்டின் கழுத்தில் போய் இறங்குகிறது என்று மீட்டிங்கில் யாரும் கேட்டதில்லை. பால் நிறுத்தும் காலத்தைப் பற்றி ஒன்பது வருடத்தில் எனக்கு நடந்த பயிற்சி ஒரே ஒரு ஸ்லைடு. அதுவும் எங்கள் மருந்துக்கு மற்ற கம்பெனியை விட நாள் குறைவு என்று காட்டுவதற்காக.

நான் வெளியே வந்தது கோலிஸ்டினால். மனிதர்களுக்கு ஐ.சி.யு.வில் வேறு எதுவும் கேட்காதபோது கடைசியாக எடுக்கும் மருந்துகளில் ஒன்று அது. அதைக் கோழித் தீவனத்தில் கலக்கச் சொல்லி விற்றுக்கொண்டிருந்தோம். நோய்க்காகக்கூட இல்லை, எடை ஏறட்டும் என்று. 2019 ஜூலையில் அரசு அதை உணவுக் கால்நடைகளுக்கு முழுவதுமாகத் தடை செய்தது. தயாரிக்க, விற்க, வினியோகிக்க எதற்கும் வழியில்லை. அந்த வாரம் எனக்கு வந்த போன் இதுதான்: "ஃபீல்டில் இருக்கிற ஸ்டாக்கைத் திரும்ப எடுக்காதே, பண்ணைகளுக்குத் தள்ளிவிடு."

அந்த நாட்களில் என் அப்பா தனியார் ஆஸ்பத்திரியில் சிறுநீர்த் தொற்றோடு படுத்திருந்தார். இரண்டு மருந்து கேட்காமல் மூன்றாவதுக்கு மாற்றியிருந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுதான் அந்த போனைப் பேசினேன். பை நிறைய பில் புத்தகம். நான் தள்ளவில்லை. எனக்கு அந்த மாத ஊக்கத்தொகை போனது, அடுத்த வருடம் வேலையும் விட்டேன். இப்போது கப்பலூர் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அப்பா பிழைத்தார்.

செல்வி அக்கா கேட்டதற்கு என் பதில்: பெட்டிக்குள் தமிழில் ஒரு சீட்டு போட ஒரு கம்பெனிக்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை. இலவசமாகத் தரும் மூன்று பெட்டியில் கால்வாசி விலைகூட ஆகாது. கேட்டால் "விதியில் இல்லையே" என்பார்கள். மாட்டுக்காரர் பேசும் பாஷை தமிழ் என்று தெரிந்துதான் விளம்பர நோட்டீசை மட்டும் தமிழில் அச்சடிக்கிறார்கள்.


சோழவந்தான் முருகன்
வியாழன், இரவு 10.00

எல்லோரும் கம்பவுண்டரைக் குற்றவாளி ஆக்குகிற மாதிரி எனக்குப் படுகிறது. போன ஐப்பசி மழையில் இரவு பதினொன்றரை மணிக்கு எங்கள் மாட்டுக்குக் கன்று குறுக்கே கிடந்தது. மாட்டு ஆம்புலன்ஸ் நம்பர் 1962க்குப் போன் போட்டால் அந்த நேரத்துக்கு வண்டி இல்லை. கம்பவுண்டர்தான் ஈரத்தோடு சைக்கிளில் வந்து, சட்டையைக் கழற்றிவிட்டு, தோள்வரை கையை விட்டுக் கன்றைத் திருப்பி எடுத்தார். தாயும் பிழைத்தது கன்றும் பிழைத்தது. அவரைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள்.


மாட்டு டாக்டர், உசிலம்பட்டிப் பக்கம்
வெள்ளி, காலை 6.30

முருகன் தம்பி சொல்வதை நான் மறுக்கவே மாட்டேன். அப்படி ஆட்களை எனக்கும் தெரியும், அவர்கள் கைப்பக்குவம் சில சமயம் என்னைவிட மேல்.

சட்டம் இதுதான். 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், 30ஆம் பிரிவு. பதிவு பெற்ற மருத்துவர்தான் வைத்தியம் பார்க்கலாம். சின்னச் சின்னச் சேவைகளை மற்றவர்கள் செய்ய மாநில அரசு அனுமதிக்கலாம், அதுவும் ஒரு பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில். கன்றைத் திருப்பி உயிரைக் காப்பாற்றியவரை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மடிநோய்க்கு எந்த ஆன்டிபயாடிக், எத்தனை நாள், எந்த அளவு என்று அவரே முடிவெடுப்பதுதான் சிக்கல். இரண்டு நாளில் தேறிவிட்டது என்று நிறுத்திவிடுவார், அல்லது கேட்கவில்லை என்று ஒரே நாளில் வேறு மருந்துக்கு மாறுவார். அவருக்கு யாரும் முறையாகச் சொல்லித்தரவில்லை. அதற்கு எங்கள் துறையும் பொறுப்பு. மேற்பார்வை என்று சட்டத்தில் எழுதிவைத்துவிட்டு, மேற்பார்க்க ஆள் போடாமல் இருப்பதை அவர் தலையில் கட்ட முடியாது.

எங்கள் தொழிலுக்கு 1992லேயே நடத்தை நெறி விதிகள் வந்துவிட்டன. படிப்பு முடித்துப் பதிவு செய்யும்போது உறுதிமொழியும் எடுத்தோம். அந்தத் தாளை நேற்றிரவு பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.


பாலமேடு காளைக்காரன்
வெள்ளி, காலை 9.45

பாலைப் பற்றிய பேச்சில் காளையைக் கொண்டுவருகிறேன் என்று நினைக்க வேண்டாம், விஷயம் ஒன்றுதான்.

எங்களிடம் ஒரு புலிக்குளம் காளை. இரண்டு வருடத்துக்கு முன் பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது முன்னங்காலை லேசாக வாங்கி வைத்தான். வாடிவாசலுக்குப் போகும் முன் டாக்டர் சான்றிதழ் வேண்டும். அவருக்குத் தெரியாமல் முதல் நாள் வலி ஊசி போட்டுவிட்டால் நொண்டல் தெரியாது என்று ஒருவர் சொன்னார். நான் நேராக டாக்டரிடமே போய் "ஒரு ஊசி போட்டு விடுங்க சார்" என்றேன். அவர் காலைத் தூக்கிக் குளம்பை அழுத்திப் பார்த்தார். காளை வெடுக்கென்று இழுத்தது. "வலிக்குதுன்னு இவன் சொல்றான். ஊசி போட்டா சொல்ல முடியாமப் போயிரும். ஓடும்போது காலு முறியும்" என்றார். சான்றிதழும் தரவில்லை.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊரில் தலைகுனிவு என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. குளம்புக்குள் முள் பழுத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. மாசி பிறக்கும்போது ஆறிவிட்டது. போன தையில் அவன் வாடியை விட்டு வந்த வேகத்தை ஊரே பார்த்தது. அந்த டாக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். அவரிடம் நன்றி சொல்லாமல் விட்டது எனக்கு இன்னும் குத்துகிறது.


பேரையூர் தனலட்சுமி
வெள்ளி, பிற்பகல் 3.20

தீவனத்தை யாரும் பேசவில்லையே. செயலாளர் சார் சொன்ன அதே 2018 ஆய்வில் பூஞ்சை நஞ்சு, அஃப்லாடாக்சின், 368 மாதிரியில் அளவுக்கு மீறி இருந்தது. மருந்தைவிட இது பல மடங்கு. அதில் தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரியில் மட்டும் 88. எண்ணிக்கையில் வேறெந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. ஈரத்தில் பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, சோளத்தட்டை மாட்டுக்குள் போய்ப் பாலில் இறங்குகிறது. மூட்டையைப் பிரித்ததும் முக்கல் வாடை வந்தால் கடைக்கே திருப்பிக் கொண்டுபோங்கள். நான் இரண்டு முறை திருப்பினேன். முதல் முறை சண்டை போட்டார், இரண்டாம் முறை பேசாமல் மாற்றித் தந்தார்.

எங்கள் ஊரில் பால் சுரப்பு விடுவதற்கு தினமும் ஆக்ஸிடோசின் ஊசி போடுகிற ஒரு வீடும் இருக்கிறது. கன்று செத்த மாடு. இப்போது ஊசி இல்லாமல் சுரப்பே விடுவதில்லை. சிரிஞ்சைக் கையில் எடுத்தாலே அது கழுத்தைச் சுளித்துக் கண்ணை உருட்டும், பார்க்கச் சகிக்கவில்லை. மிருகவதைத் தடைச் சட்டம் 12ஆம் பிரிவில் இது தண்டனைக்குரிய குற்றம். சொன்னால் "உனக்கென்ன" என்கிறார்கள். கறக்கும்போது புண்ணாக்குத் தொட்டியை முன்னால் வைத்து, மடியை வெந்நீர்த் துணியால் தடவிக்கொடுத்தாலே பத்து நாளில் பழகும். எங்கள் மாட்டுக்கு அப்படித்தான் பழக்கினேன்.


மேலூர் பெரியகருப்பன்
வெள்ளி, இரவு 8.00

நேற்று எங்கள் ஊர்ச் சொசைட்டிக் கூட்டத்தில் இதை எடுத்தேன். ஊசி போட்ட மாடு என்று டாக்டர் சீட்டோடு சொல்கிறவருக்கு, ஊற்றாத நாட்களுக்குச் சங்கத்து லாபத்தில் ஒரு பங்காவது கொடுக்கலாமா என்று கேட்டேன். உடனே ஒத்துக்கொள்ளவில்லை. சிலர் பொய்ச்சீட்டு வரும் என்றார்கள். ஆனால் சிரித்துத் தள்ளிவிடவும் இல்லை, அடுத்த கூட்டத்தில் எழுதி வைக்கலாம் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். பாதி கொடுத்தாலும் போதும். பாதி கிடைத்தால் நான் மூன்றாம் நாளும் ஊற்ற மாட்டேன். இதை உறுதியாகச் சொல்ல முடியும்.


வாடிப்பட்டி மருந்துக்கடை
சனி, காலை 7.40

நான் செய்ய முடிந்ததைச் செய்துவிட்டேன். கடையில் அதிகம் போகும் பன்னிரண்டு மருந்துக்குப் பெட்டியைப் பார்த்து, பாலுக்கு எத்தனை நாள், கறிக்கு எத்தனை நாள் என்று மகள் கையால் தமிழில் எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டியாயிற்று. டாக்டர் சார் சரிபார்த்துத் தந்தார். திருமங்கலம் ஆட்டுச்சந்தைக்குப் போகிற ஒருவர் நேற்று அதை நின்று படித்துவிட்டு, ஊசி போட்ட கிடாயை இந்தச் சந்தைக்குக் கொண்டுபோவதா என்று கேட்டார். 28 நாள் என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு போனார். கொண்டுபோனாரா என்று தெரியாது.

சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் தருவதை நிறுத்தி மூன்று நாள் ஆகிறது. வியாபாரம் குறைந்திருக்கிறது. வீட்டில் சொல்லிவிட்டேன்.


கருமாத்தூர் செல்வி
பதினைந்து நாள் கழித்து, ஞாயிறு, காலை 8.10

எல்லோரும் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

மதினியிடம் சொன்னேன். வாசல் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கேட்டுவிட்டு ஒரு கட்டு முடியும்வரை பேசவில்லை. அப்புறம் "தெரியாமத்தானே குடுத்த. இனிமே ஊசி போட்டா எனக்கு முதல்ல சொல்லிரு" என்றார். பால் வாங்குவதை நிறுத்தவில்லை.

கம்பவுண்டரிடம் பெட்டியைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை எடுத்து மாட்டி, வரிவரியாக விரலை வைத்துப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. "இத்தனை வருசமா யாரும் எங்கிட்டயும் சொல்லலையே தாயி" என்றார்.

போன வாரம் சின்ன மாட்டுக்குக் காய்ச்சல். இந்தத் தடவை மாட்டாஸ்பத்திரிக்கே ஓட்டிக்கொண்டு போனோம். டாக்டர் மதுரையில் ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்து வைத்திருக்கிறார், சீட்டின் அடியில் குத்துகிறார். "பால் ஊற்றக்கூடாத கடைசி நாள்" என்று இருக்கும், பக்கத்தில் தேதியைப் பேனாவால் எழுதுகிறார். கன்றுக்கும் அந்தப் பாலைக் கொடுக்க வேண்டாம், குழியில் ஊற்றுங்கள் என்று வாயாலும் சொன்னார்.

அம்மா கொட்டத்துச் சுவரில் அடுப்புக்கரியால் தேதி வரை கோடு போட்டு வைத்தார். வேளைக்கு மூன்று லிட்டரைக் குழியில் ஊற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். கடைசிக் கோட்டையும் அழித்த பிறகுதான் உறை ஊற்றினார். இன்று காலை சட்டியைத் திறந்தோம், கரண்டியை நட்டால் நின்றது. சாயங்காலக் கறவையிலிருந்து சொசைட்டிக்கு ஊற்றுகிறோம்.